இரண்டு விண்டோஸ் கொம்பியூட்டரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லையா? வீட்டு நெட்வேர்க்கை அடியிலிருந்து பார்ப்போம்

கல்முனையில் என் மச்சானின் கொமினிகேஷன் கடை அவருடைய வீட்டு முன் அறையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு டெஸ்க்டொப், அதோடு பிறின்டர். உள் அறையில் மருமகளின் லப்டொப். ஆட்கள் அனுப்பும் படங்களை மருமகள் லப்டொப்பில் வெட்டித் திருத்தி டெஸ்க்டொப்பில் உள்ள ஒரு போல்டரில் போட்டுவிடுவாள், மச்சான் அங்கிருந்து பிறின்ட் எடுப்பார். ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு போன் வந்தது. "மச்சான், நேத்து வரைக்கும் வந்த போல்டர் இண்டைக்குக் காட்டுதில்ல. போமட் அடிக்கத்தான் வேணும் போல." எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதைத்தான் போமட் என்கிறார். நான் கல்லடியில் இருக்கிறேன், அந்த நேரத்தில் எங்கே பஸ்? போனிலேயே பார்த்தோம். இருபது நிமிடத்தில் சரிவந்தது. லப்டொப் வேறு வைஃபையில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் மச்சான் ஃபயர்வோலை (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் அது) நிறுத்தி, அன்டிவைரஸைக் கழற்றி, பாஸ்வேர்ட் ஒன்றையும் மாற்றி வைத்திருந்தார். அதையெல்லாம் பழையபடி ஆக்கத்தான் நேரம் போனது.

அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கண்டதையும் அமத்தாதீர்கள். ஒரு வீட்டுக்குப் போவதென்றால் பாதை இருக்க வேண்டும், படலை திறந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். இதுவும் அதே கதைதான். பாதை இல்லாதபோது பாஸ்வேர்டை மாற்றி என்ன பயன்? அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்று சரி என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்று, கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பாதை இருக்கிறதா?

இரண்டு கொம்பியூட்டரிலும் ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வரும் கறுப்புப் பெட்டியில் ஐபிகொன்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். நிறைய வரிகள் வரும், பயப்பட வேண்டாம். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி மட்டும் போதும். இரண்டையும் ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மச்சான் வீட்டில் டெஸ்க்டொப் 192.168.1.23, லப்டொப் 192.168.8.104. இதைப் பார்த்ததுமே கதை முடிந்தது. பொதுவாக வீட்டு ரவுட்டரில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இங்கே மூன்றாவது எண் ஒன்றில் 1, மற்றதில் 8. அவருடைய வீட்டில் ஃபைபர் ரவுட்டர் ஒன்று, அது நின்றால் பாவிக்க 4ஜி ரவுட்டர் ஒன்று. முதல் நாள் கறண்ட் போய் வந்தபோது 4ஜி ரவுட்டர் முந்திக்கொண்டு எழும்பியிருக்கிறது, லப்டொப் தனக்குத் தெரிந்த அந்த வைஃபையைப் பிடித்துக்கொண்டது. இரண்டிலும் இன்டர்நெட் வேலை செய்தது, அதுதான் ஆளைக் குழப்பியது. இன்டர்நெட் வருகிறது என்றால் அந்த கொம்பியூட்டர் ஏதோ ஒரு ரவுட்டரோடு பேசுகிறது என்று மட்டும்தான் அர்த்தம், பக்கத்து அறைக் கொம்பியூட்டரோடு பேசுகிறது என்று அர்த்தமில்லை. லப்டொப்பை ஃபைபர் வைஃபைக்கு மாற்றினோம், 4ஜியில் தானாக இணையும் டிக்கை எடுத்துவிட்டோம்.

எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவே இல்லை, விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றிப் போடுங்கள், ரவுட்டரை ஒருதரம் நிறுத்திப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் கேபிளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது முக்கியம். கல்லடியில் என் வீட்டில் மூன்று வருடம் அசையாமல் கிடந்த கேபிளின் பிளக்கில் எட்டுத் தகட்டில் இரண்டு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் அடித்தேன். வரிசை: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, மண்நிறம்-வெள்ளை, மண்நிறம். பச்சைச் சோடிக்கு நடுவில் நீலச் சோடி வருகிறது பாருங்கள், அவசரத்தில் பிளக் அடிக்கும் எல்லோரும் பிழைவிடுவது அந்த இடத்தில்தான். மாரியில் இடி விழுந்த பிறகு வேலை செய்யாமல் போனது என்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், போர்ட்டே எரிந்திருக்கக்கூடும். ரவுட்டரில் வேறு ஓட்டையில் மாற்றிக் குத்திப் பார்த்தால் தெரியும்.

மேல்மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றைக் கொழுவியிருக்கிறீர்களா? அப்படியானால் அது தனக்கென்று ஒரு தனி நெட்வேர்க்கை உண்டாக்கியிருக்கக்கூடும். இதில் ஒரு விசித்திரம் நடக்கும்: மேல்மாடிக் கொம்பியூட்டரிலிருந்து கீழே உள்ளது தெரியும், கீழே இருந்து மேலே உள்ளது தெரியாது. இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பொயின்ட் முறைக்கு (தனி நெட்வேர்க் உண்டாக்காமல் சிக்னலை மட்டும் கொடுக்கும் முறை) மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபியை (கொம்பியூட்டர்களுக்கு எண் கொடுக்கும் வசதி) நிறுத்தி, வான் என்று போட்ட, இன்டர்நெட் வரும் ஓட்டையில் இருக்கும் கேபிளைக் கழற்றி, கொம்பியூட்டர்களைக் குத்தும் லான் ஓட்டையில் குத்துங்கள். முதலில் அதன் முகவரி முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எண்கள் ஒத்துப்போனால் அடுத்தது பிங், மற்றக் கொம்பியூட்டரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. லப்டொப்பில் பிங் 192.168.1.23 என்று அடியுங்கள், மற்றக் கொம்பியூட்டரின் எண்ணைப் போடவேண்டும். பதில் நான்கு வரியில் வரும், அதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மறுபக்கத்து எண்ணிலிருந்து ரிப்ளை வந்தால் பாதை இருக்கிறது. ரிக்குவெஸ்ட் டைம்ட் அவுட் என்றால் பெரும்பாலும் பாதை இருக்கிறது, மற்றக் கொம்பியூட்டரின் ஃபயர்வோல் வாயைத் திறக்கவில்லை. டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்றால் அங்கே ஆளையே காணவில்லை. இந்த மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ரிப்ளை என்று போட்டிருக்கும், கடைசியில் இழப்பு 0% என்றும் காட்டும், ஆனால் அந்த ரிப்ளை வந்திருப்பது உங்களுடைய சொந்த எண்ணிலிருந்துதான். "மச்சான், பூச்சியம் வீதம் எண்டு வருது, எல்லாம் ஓகே" என்றார் அவர். வரியை முழுதாக வாசிக்கச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

சந்தேகமாக இருந்தால் பிங் அடித்த கையோடு ஆர்ப் என்று அடித்து ஒரு இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஏ என்ற ஆங்கில எழுத்து, இவற்றையும் அடியுங்கள். வரும் பட்டியலில் மற்றக் கொம்பியூட்டரின் எண்ணுக்கு நேரே சோடி சோடியாக ஆறு எழுத்து-எண் தொகுதிகள் இருந்தால், பிங் பதில் தராவிட்டாலும் இரண்டுக்கும் நடுவில் பாதை இருக்கிறது, படலைக்குப் போகலாம்.

எண்கள் ஒன்றாக இருந்தும் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்றால் மூன்றைப் பாருங்கள். ஒரு கொம்பியூட்டர் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருக்கிறதா? ரவுட்டரில் ஏபி ஐசலேஷன் என்ற வசதி போடப்பட்டிருக்கிறதா? (வைஃபையில் உள்ள ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காமல் தடுப்பதற்கான வசதி அது, கடைக்கு நல்லது, வீட்டுக்கு வேண்டாம்.) மற்றக் கொம்பியூட்டர் உறங்குகிறதா? மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் அடிக்கடி நடப்பது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று போடுங்கள், ஸ்கிரீன் அணைந்தால் பரவாயில்லை. அதோடு யாராவது விபிஎன் (இன்டர்நெட்டை வேறொரு இடத்தின் வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள்) போட்டிருந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள், சில விபிஎன்கள் வீட்டு நெட்வேர்க்கையே மறைத்துவிடும்.

படலை திறந்திருக்கிறதா?

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வேர்க்கையும் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டாகப் பார்க்கிறது. புதிதாக ஒரு வைஃபையில் ஏறினால் அதை பஸ் ஸ்டாண்ட் மாதிரி நினைத்துப் படலையைச் சாத்திவிடும். செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, உங்கள் வைஃபையின் புரொப்பர்டீஸ். அங்கே பிரைவேட்டைத் தெரிவு செய்யுங்கள். கேபிள் என்றால் வைஃபைக்குப் பதில் ஈதர்நெட். இரண்டு கொம்பியூட்டரிலும் செய்ய வேண்டும். ரவுட்டரை மாற்றினாலோ வைஃபையின் பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புது இடமாக எடுத்துத் திரும்பவும் பப்ளிக் ஆக்கிவிடும், "நேற்று வந்தது இன்று வரவில்லை" என்ற முறைப்பாட்டில் கணிசமானவை இதுதான்.

அப்புறம் அட்வான்ஸ்ட் ஷெயரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 11 இல் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்டுக்குள் அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸ் என்பதற்குள் இருக்கிறது, 10 இல் கொன்ட்ரோல் பனலின் நெட்வேர்க் அன்ட் ஷெயரிங் சென்டருக்குள். பிரைவேட் என்ற பகுதியில் நெட்வேர்க் டிஸ்கவரி, ஃபைல் அன்ட் பிறின்டர் ஷெயரிங் இரண்டையும் ஒன் பண்ணுங்கள். கீழே பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷெயரிங் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.23 என்று அடித்து என்டர் தட்டுங்கள். இடது பக்கத்தில் உள்ள நெட்வேர்க் என்ற படத்தைக் கிளிக் பண்ணிக் காத்திருக்காதீர்கள். அந்தப் பட்டியலில் பெயர் வருவது வேறு வேலை, போல்டர் திறப்பது வேறு வேலை. பட்டியலில் பெயர் வராமலே போல்டர் அழகாகத் திறக்கும் வீடுகள் ஏராளம். எண்ணால் கூப்பிட்டுத் திறந்துவிட்டால் உங்கள் பிரச்சினை பெயர் மட்டும்தான். பெயர் வேண்டுமென்றால் ஷெயர் பண்ணும் கொம்பியூட்டரில் சேர்விசஸ் என்று தேடித் திறந்து, ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற இரண்டையும் ஓட்டமெட்டிக் ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். இரண்டு கொம்பியூட்டருக்கும் ஒரே பெயர் இருந்தாலும் குழம்பும், பெயரை 15 எழுத்துக்குள் வேறு வேறாக வையுங்கள்.

80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் "அந்தப் பாதையைக் காணவில்லை" என்று விண்டோஸ் சொல்கிறது. நெட்வேர்க் பாதையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம், எனவே படலைதான். போல்டர் ஷெயரிங் நடப்பது 445 என்ற போர்ட் வழியாக (கேபிள் குத்தும் ஓட்டை இல்லை, விண்டோஸுக்குள் இருக்கும் இலக்கமிட்ட வாசல்). பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.23 -போர்ட் 445 என்று அடியுங்கள். கடைசி வரியில் ட்ரூ வந்தால் படலை திறந்திருக்கிறது. ஃபோல்ஸ் வந்தால் மற்றக் கொம்பியூட்டரில் காசு கொடுத்தோ சும்மாவோ போட்ட அன்டிவைரஸைப் பாருங்கள், பலவற்றில் தனி ஃபயர்வோல் ஒன்று இருக்கும், அதிலும் இந்த வைஃபையை வீடு அல்லது நம்பிக்கையானது என்று குறிக்க வேண்டும். பார்ப்பதற்காக ஒரு நிமிடம் ஃபயர்வோலை நிறுத்தலாம், பார்த்த பிறகு திரும்பப் போடுங்கள். நிறுத்தியே வைப்பது வைத்தியம் இல்லை.

இந்த இடத்தில் யாராவது எஸ்எம்பி1 என்ற பழைய ஷெயரிங் முறையை ஒன் பண்ணச் சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வொனாக்ரை என்ற வைரஸ் அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான் பரவியது, அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 இன் பதிப்பிலிருந்து மைக்ரோசொஃப்ட் அதைப் புதிதாகப் போடும்போதே சேர்ப்பதில்லை. விண்டோஸ் 7 கூட அதற்குப் பிந்திய முறையில் பேசும், எக்ஸ்பி ஒன்று வீட்டில் ஓடினால் தவிர எஸ்எம்பி1 தேவையே இல்லை. அதேபோல ஹோம்குரூப் என்ற பழைய வீட்டு ஷெயரிங் வசதியைத் தேடி அலைபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது 2018 இல் எடுக்கப்பட்டுவிட்டது, எந்த மெனுவிலும் கிடைக்காது.

உள்ளே இருப்பவருக்கு உங்களைத் தெரியுமா?

பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வந்துவிட்டதா? சந்தோஷப்படுங்கள், பாதையும் படலையும் சரி. ஆனால் அதிகம் பேர் மனம் வெறுத்துப்போவது இங்கேதான்.

அந்தப் பெட்டி கேட்பது மற்றக் கொம்பியூட்டரின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும். உங்கள் முன்னால் இருப்பதன் பாஸ்வேர்டை இல்லை, வைஃபையின் பாஸ்வேர்டையும் இல்லை. பின் நம்பர் வேலை செய்யாது, அந்த நம்பர் அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றாலும் நெட்வேர்க்கால் உள்ளே போக முடியாது, வெறும் பாஸ்வேர்டை விண்டோஸ் வெளியிலிருந்து ஏற்பதில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கால் திறக்கும் கொம்பியூட்டர் என்றால் ஈமெயில் முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும், ஆனால் வருடக்கணக்காகப் பின் நம்பரால் மட்டும் திறந்தவருக்கு அந்தப் பாஸ்வேர்ட் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

அதனால் நான் எல்லா வீட்டிலும் செய்வது ஒரே வேலை. ஷெயர் பண்ணும் கொம்பியூட்டரில் நெட்வேர்க்குக்கென்றே ஒரு சின்னக் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், அட் அக்கவுன்ட். ஈமெயில் கேட்கும்போது "இவருடைய விபரம் என்னிடம் இல்லை" என்ற வரியையும், அடுத்த பக்கத்தில் "மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்" என்ற வரியையும் அமத்துங்கள். ஆங்கிலத்தில் வீடு என்ற பொருள் தரும் ஒரு சின்னப் பெயர், ஒரு பாஸ்வேர்ட், மூன்று பாதுகாப்புக் கேள்வி, முடிந்தது. இந்தக் கணக்கால் யாரும் கொம்பியூட்டரைத் திறந்து வேலை செய்யத் தேவையில்லை.

பிறகு டி டிரைவில் புதிதாக ஒரு போல்டர். டெஸ்க்டொப் திரையிலோ டொக்கியுமென்ட்ஸிலோ இருப்பதை ஷெயர் பண்ணாதீர்கள், பிறகு வீட்டு ஃபைல் எல்லாம் வெளியே நிற்கும். போல்டரில் வலக் கிளிக், புரொப்பர்டீஸ், ஷெயரிங். அங்கே ஷெயர், அட்வான்ஸ்ட் ஷெயரிங் என்று இரண்டு பட்டன் இருக்கும். முதலாவதை அமத்துங்கள். புதுக் கணக்கின் பெயரை அடித்து அட் கொடுத்து, ரீட் அல்லது ரைட் தெரிவு செய்யுங்கள். அட்வான்ஸ்ட்டில் போனால் ஷெயரிங்கின் அனுமதி தனி, செக்கியூரிட்டி என்ற தாவலில் உள்ள அனுமதி தனி, இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். "எவ்ரிவன், ஃபுல் கொன்ட்ரோல் எல்லாம் கொடுத்தேன், இன்னும் அக்சஸ் டினைட்" என்பவர்கள் செக்கியூரிட்டி பக்கத்தை மறந்தவர்கள். முதலாவது பட்டன் இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும்.

இனி லப்டொப்பில் பெட்டி வரும்போது கொம்பியூட்டரின் பெயர், பின்சாய்கோடு, புதுக் கணக்கின் பெயர், கீழே பாஸ்வேர்ட். நினைவில் வைக்கும் டிக்கைப் போடுங்கள். முன்பு பிழையாக எதையாவது அடித்து டிக் போட்டிருந்தால் விண்டோஸ் அந்தப் பழைய பாஸ்வேர்டையே கேட்காமல் கொடுத்துக்கொண்டிருக்கும், மச்சான் அன்று பாஸ்வேர்ட் மாற்றியதால் நடந்ததும் இதுதான். கொன்ட்ரோல் பனலில் கிரடென்ஷியல் மனேஜர், விண்டோஸ் கிரடென்ஷியல்ஸ், அந்தக் கொம்பியூட்டரின் பெயரோ எண்ணோ உள்ள வரியை ரிமூவ் பண்ணிவிட்டு, லப்டொப்பை ஒருதரம் ரீஸ்டார்ட் செய்து புதிதாக நுழையுங்கள்.

பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷெயரிங்கைத் தொடாதீர்கள் என்றேனே. அதை நிறுத்தினால் யாரும் கேள்வி இல்லாமல் விருந்தாளியாக உள்ளே வரலாம், முன்பு அது சுகமாகத்தான் இருந்தது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு விருந்தாளியாகப் போவதை ஏற்பதில்லை. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்ற கருத்தில் ஒரு செய்தி வரும். வீட்டில் என்ன நிறுவனம் என்று கேட்காதீர்கள், அந்தச் செய்தி அப்படித்தான். புதுக் கணக்கு முறையில் போனால் அது வராது.

திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

கேபிளில் எட்டு வயரும் சரியாக இருந்து, இரண்டு பக்கத்துப் போர்ட்டும் ரவுட்டரும் கிகாபிட் (1000 மெகாபிட்) என்றால் செக்கனுக்கு 110 மெகாபைட் அளவில் போகும். ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருந்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அப்போது செக்கனுக்கு 11, 12 மெகாபைட்தான். ஒரு கல்யாண வீட்டு வீடியோ 40 ஜிகாபைட் என்று வையுங்கள்: முதலாவதில் ஆறு நிமிடம் சொச்சம், இரண்டாவதில் ஒரு மணித்தியாலம். ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் 100 என்று காட்டினால் பிளக்கை மாற்றுங்கள்.

ஒரே ஒரு தடவை பெரிய ஃபைல் மாற்றுவதற்கென்றால் ரவுட்டரே வேண்டாம். ஒரு சாதாரண லான் கேபிளால் இரண்டையும் நேரே இணைக்கலாம், கிகாபிட் போர்ட்டுகளுக்குக் குறுக்கு வயர் அடித்த கேபிள் தேவையில்லை. ஐபிவி4 ஐக் கையால் போடுங்கள்: ஒன்றில் 192.168.50.1, மற்றதில் 192.168.50.2, மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0, கேட்வே வெறுமையாக. இந்த இணைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாதது என்று பப்ளிக்கில்தான் வைக்கும், அதனால் ஷெயரிங்கை பப்ளிக் பகுதியிலும் தற்காலிகமாக ஒன் பண்ண வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் யாரோ ஒருவரின் வைஃபையில் உங்கள் லப்டொப்பின் படலை திறந்தபடி இருக்கும்.

பிறின்டர் ஷெயரிங்கைப் பற்றி நீட்டி எழுதவில்லை. 2021 செப்டெம்பர் அப்டேட்டுகளுக்குப் பிறகு அதில் வரும் பிழைகளோடு மல்லுக்கட்டுவதை விட, இரண்டு விண்டோஸையும் முழுதாக அப்டேட் செய்து பாருங்கள். பிறின்டரில் வைஃபை இருந்தால் அதை ரவுட்டரோடு சேர்த்து இரண்டு கொம்பியூட்டரிலும் தனித்தனியாகப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

கடைசி வேலை, எண் மாறாமல் பார்ப்பது. ரவுட்டர் கொடுக்கும் எண் கறண்ட் போய் வந்தால் மாறக்கூடும், மாறினால் எண்ணால் திறந்த போல்டர் மறுபடி காணாமல் போகும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் டெஸ்க்டொப்புக்கு ஒரு எண்ணை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். பிறகு லப்டொப்பில் அந்தப் போல்டரை மப் நெட்வேர்க் டிரைவ் மூலம் இசட் டிரைவாக வைத்துக்கொள்ளலாம். மச்சான் வீட்டில் 192.168.1.50 கொடுத்தோம். அதை அவர் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டில் மார்க்கரால் எழுதி சிபியுவின் முகப்பில் ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே இன்னொரு துண்டு, மருமகளின் கையெழுத்தில்: "போமட் அடிக்க வேண்டாம்."